எண் எப்படி சார் பாடும்?



போன வாரம் என் மேசையின் படத்தைப் போட்டிருந்தேன். சால்டரிங் அயர்ன், இரண்டு பச்சை போர்டுகள், சோப்பு டப்பாவில் சிதறிக் கிடந்த மின்தடைகள். "சார் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துவிட்டாரா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். "சித்தப்பா, கண்ணு போயிடும், எதுக்கு இந்த வேலை?" என்று அண்ணன் மகள் கவலைப்பட்டிருந்தாள்.

கடை வைக்கவில்லை. ஒரு மாணவனுக்குப் பாக்கி வைத்த பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். கதை கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1997-ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்காக, துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஊர்க்காரர் ஒருவர் சிடி பிளேயர் ஒன்றை இரவலாகக் கொடுத்திருந்தார். அதுவரை நம் பள்ளியில் இருந்தது ஒரு டேப் ரெக்கார்டரும் குழாய் ஒலிபெருக்கியும்தான். நான் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டி, "இதில் பாட்டு எண்களாகப் பதிந்திருக்கிறது. ஊசி உரசாது, நாடா சிக்காது, தேயாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எண் எப்படி சார் பாடும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் மேல் வகுப்பில் வரும், உட்காருடா" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். மேல் வகுப்புக்கு அவன் போகவில்லை. வீட்டுச் சூழல், எட்டோடு படிப்பு நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரர் ஓடிவந்து கும்பிட்டார். அவன்தான். இப்போது சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். ஆம்ப்ளிஃபயர் பழுதையும் அவரே பார்க்கிறார். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே, "அந்த எண்ணு விஷயம் இன்னும் புரியல சார்" என்றார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் படிக்க ஆரம்பித்தேன். இனி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், ஒலியை எதற்காக எண்ணாக்கினார்கள்? பாட்டுக்காக இல்லை, தொலைபேசிக்காக. தூர ஊருக்குப் பேசும்போது குரல் கம்பியில் தேய்ந்துபோகும். நடுநடுவே பெருக்கி வைத்து ஊக்குவார்கள். குரலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவது போலத்தான். 1937-இல் பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் ஒரு வழி சொன்னார். அலையை அனுப்பாதே, அலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து அந்த அளவை மட்டும் அனுப்பு. எண் எத்தனை பெருக்கியைத் தாண்டினாலும் எண்ணாகவே இருக்கும்.

யோசனை அருமை. ஆனால் அது வால்வு காலம். இதற்கு வேண்டிய சுற்றுகளை வால்வில் கட்டினால் இடமும் செலவும் கட்டுப்படியாகாது. டிரான்சிஸ்டர் வந்து, 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் ஒரே தடத்தில் 24 உரையாடல்களை எண்களாக அனுப்பியபோதுதான் ரீவ்ஸின் கனவு தெருவுக்கு வந்தது.

எத்தனை முறை அளக்க வேண்டும்? ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், அலையை முழுதாக மீட்டுவிடலாம். இதற்கு 1928-இல் நைக்விஸ்ட் அடித்தளம் போட்டார். 1949-இல் ஷானன் கணித நிறுவல் கொடுத்தார். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால் 40,000-க்குச் சற்று மேல் வேண்டும். சிடியில் அது 44,100. ஏன் இந்த விநோத எண்? அந்தக் காலத்தில் இவ்வளவு எண்களைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், ஒரு புலத்தில் 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். (வாய்ப்பாடு மறந்தவர்கள் கால்குலேட்டரில் போடலாம், திட்டமாட்டேன்.)

1979 மார்ச்சில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிறு தட்டைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. பிறகு ஜப்பானின் சோனியோடு சேர்ந்து பொது விதி வகுத்தது. 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் பக்கத்திலுள்ள லாங்கன்ஹாகன் ஆலையில் தட்டுகள் அச்சாகத் தொடங்கின. 1982 அக்டோபர் 1-ஆம் தேதி சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென்.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருகிறேன். தட்டில் இருப்பது வெறும் எண். ஸ்பீக்கருக்கு வேண்டியது ஏறி இறங்கும் மின்சாரம். நடுவில் என்ன நடக்கிறது?

கரும்பலகை இருந்தால் வரைந்திருப்பேன். ஒரு தண்ணீர்த் தொட்டியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 16 குழாய்கள். முதல் குழாயைத் திறந்தால் ஒரு பங்கு தண்ணீர் வரும். இரண்டாவதில் அதில் பாதி. மூன்றாவதில் அதிலும் பாதி. இப்படியே 16 வரை. சிடியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 16 இலக்கங்கள் கொண்டது. எல்லாம் 0 அல்லது 1. 1 என்றால் அந்தக் குழாயைத் திற, 0 என்றால் மூடு. இப்படித் திறந்து மூடினால் 65,536 விதமான அளவுகளில் தண்ணீர் விடலாம். நொடிக்கு 44,100 முறை குழாய்களை மாற்றி மாற்றித் திறந்தால் தண்ணீரின் அளவு பாட்டின் அலை போலவே ஏறி இறங்கும். தண்ணீருக்குப் பதில் மின்னோட்டம். இந்தத் தொட்டிதான் எண்ணை ஒலியலையாக மாற்றும் ஐசி. விஷயம் தெரிந்தவர்கள் இதை டாக் என்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் குழாயின் அளவில் சிறு பிழை இருந்தாலும் அது கடைசிக் குழாயின் மொத்த அளவைவிடப் பெரிதாகிவிடும். அப்புறம் கடைசிக் குழாய் இருந்து என்ன பயன்? சிலிக்கானில் இவ்வளவு துல்லியமாக எதையும் வெட்ட முடியாது. பிலிப்ஸின் பொறியாளர் ரூடி வான் டி பிளாஸ்ஸே 1970-களில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். ஒரு மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் சமமாக இருக்காது, சரி. அப்படியானால் இரண்டையும் வேகமாக இடம் மாற்றிக்கொண்டே இரு. சராசரியில் இரண்டும் சமமாகிவிடும். கபடியில் பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற்றுகிறோமே, அதே நியாயம். இந்த முறையில் வந்தவைதான் டிடிஏ1540 என்ற 14 இலக்க ஐசியும், 1985-இல் வந்த 16 இலக்க டிடிஏ1541-உம்.

ஆக, எண் மின்னோட்டமாகிவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. நான் சொல்ல வந்த கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்னும் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, ஐசியிலிருந்து வருவது மின்னோட்டம். டிடிஏ1541-இல் முழு அளவே 4 மில்லி ஆம்பியர்தான். ஆம்ப்ளிஃபயர் கேட்பது மின்னழுத்தம், சுமார் 2 வோல்ட். இரண்டு, வரும் அலை வழுவழுப்பாக இல்லை, படிக்கட்டு போல இருக்கும். அந்தப் படிகள் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்களில் பொய் நிழல்களை உண்டாக்கும். 20,000 ஹெர்ட்ஸ் ஒலி இருந்தால் அதன் நிழல் 24,100-இல் நிற்கும். அதை வடிகட்ட வேண்டும். இந்த இரண்டையும் செய்வதுதான் வெளியீட்டுச் சுற்று. இது டிஜிட்டல் இல்லை. பழைய ரேடியோவில் இருப்பது போன்ற அனலாக் சுற்று.

முதல் நாளிலேயே இந்தக் கடைசிப் படியில் இரண்டு நிறுவனங்களும் வேறு வேறு வழியில் போயின. சோனி செங்குத்தான வடிகட்டி வைத்தது. 20,000 வரை விடு, அதற்கு மேல் சுவர். அத்தனை செங்குத்தான சுவரை அனலாக் பாகங்களில் கட்டுவது கடினம். நிறைய பாகங்கள், அவற்றில் சிறு சிறு கோணல்கள். இடது வலது இரண்டுக்கும் ஒரே ஐசிதான் மாறி மாறி வேலை செய்தது. பிலிப்ஸிடம் இருந்ததோ 14 இலக்க ஐசி. அதைத் தூக்கிப் போடாமல், கணக்குப் போடும் இன்னொரு ஐசியை முன்னால் வைத்து, 44,100-ஐ நான்கு மடங்காக்கி 1,76,400 ஆக்கினார்கள். நடுவில் வரும் அளவுகளைக் கணக்கிட்டு நிரப்பினார்கள். பிழையையும் காதுக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளினார்கள். நிழல்கள் 1,50,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போய்விட்டன. இனி சுவர் வேண்டாம், சாய்வான மேடு போதும். 14 இலக்க ஐசி 16 இலக்கத்துக்கு ஈடாகப் பாடியது. இருப்பதை வைத்துச் சமாளித்த கெட்டிக்காரத்தனம்.

மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்க இருவருக்கும் உதவியது ஆப்-ஆம்ப் என்ற சுற்று. இதற்கும் ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. பாட்டுக்காகப் பிறந்ததல்ல இது. கணக்குப் போடப் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீரங்கியைக் குறிபார்க்க மின்னழுத்தங்களைக் கூட்டியும் கழித்தும் விடை காணும் இயந்திரங்கள் செய்தார்கள். அந்தச் சுற்றுக்கு ஆப்-ஆம்ப் என்ற பெயர் 1947-இல் ரகாட்ஸினி குழுவினர் எழுதிய கட்டுரையில் வந்தது. 1950-களில் ஜார்ஜ் ஃபில்பிரிக் வால்வில் செய்து விற்றார். 1965-இல் பாப் விட்லர் ஐசியாக 709-ஐக் கொடுத்தார். 1968-இல் டேவ் ஃபுல்லகரின் 741 வந்தது. பாலிடெக்னிக் படித்த என் மாணவர்கள் 741-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அன்று எண்ணைக் கணக்கிட மின்னழுத்தம். பின்னாளில் மின்னழுத்தத்தைக் கொடுக்க எண். சக்கரம் முழுச் சுற்று சுற்றிவிட்டது பாருங்கள்.

741-க்கு ஒரு குறை. அதன் வெளியீடு மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட் வேகத்தில்தான் ஏறும். டாக் ஐசியோ அரை மைக்ரோவினாடி அளவில் அடுத்த படிக்குத் தாவி நிற்கிறது. பின்னால் வருபவன் நொண்டினால் படிகள் சாய்ந்துபோகும். 1970-களின் இறுதியில் வந்த சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் என்இ5534, என்இ5532 இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. 5532-இன் வேகம் மைக்ரோவினாடிக்கு 9 வோல்ட், 5534-க்கு 13. சிக்னெட்டிக்ஸ் 1975-லேயே பிலிப்ஸுக்குச் சொந்தமாகியிருந்தது. அதனால் பிலிப்ஸின் பல பிளேயர்களில் இந்த ஐசிகளே இருந்தன. இன்றும் ரிச்சி தெருவில் 5532 கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இனி நம்மைப் போன்ற ஆர்வக்கோளாறுகளின் காலம். டாக் ஐசிக்குள் நாம் கை வைக்க முடியாது. தட்டில் உள்ள எண்ணையும் மாற்ற முடியாது. வீட்டு மேசையில் ஈயத்தை உருக்கி மாற்றக்கூடிய ஒரே இடம் இந்தக் கடைசி அனலாக் படிதான். அதனால் 1980-களில் உலகெங்கும் பொழுதுபோக்காளர்கள் அங்கே குவிந்தார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் டெல் நடத்திய தி ஆடியோ அமெச்சூர் என்ற இதழ் அவர்களுக்கு ஊர்ச் சாவடி மாதிரி. அதில் எழுதியவர்களில் முக்கியமானவர் வால்ட் ஜங். ஆப்-ஆம்ப் பற்றி 1974-லேயே புத்தகம் எழுதியவர். 1980-இல் ரிச்சர்ட் மார்ஷுடன் சேர்ந்து, ஒலிச் சுற்றுக்கு மின்தேக்கியை எப்படித் தேர்வது என்று நீண்ட கட்டுரை எழுதினார். மின்தேக்கி என்றால் மின்தேக்கிதானே என்று அதுவரை இருந்தவர்கள், அதன் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியும் கவலைப்பட ஆரம்பித்தார்கள். கடையில் வாங்கிய பிளேயரைத் திறந்து, ஆப்-ஆம்பை மாற்றி, மின்தேக்கியை மாற்றி, மின்வழங்கியைத் திருத்துவது ஒரு கலையாகவே வளர்ந்தது.

1990-களின் நடுவில் ஜப்பானிலிருந்து நேரெதிரான குரல் ஒன்று எழுந்தது. ரியோஹெய் குசுனோகி என்பவர் ஒரு ஜப்பானிய ஒலியியல் இதழில், நான்கு மடங்காக்கும் கணக்கே வேண்டாம், எண்ணை அப்படியே ஐசிக்குக் கொடுங்கள் என்று எழுதினார். கணிதப்படி பார்த்தால் இதில் இழப்பு உண்டு. படிக்கட்டை அப்படியே விட்டால் 20,000 ஹெர்ட்ஸில் ஒலி சுமார் 3 டெசிபெல் குறையும். நிழல்களும் வடிகட்டப்படாமல் வரும். ஆனாலும் சுற்று எளிமையாகிவிட்டது. டிடிஏ1543 என்ற எட்டுக் கால் ஐசி ஒன்று, ஆப்-ஆம்புக்குப் பதில் ஒரே ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி. இவ்வளவு போதும், பாட்டு வரும். டிடிஏ1541-இல் இப்படி வெறும் மின்தடை வைப்பது கடினம். தன் வெளிக்காலில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் அது பொறுக்காது. தம்பி 1543 அந்த விஷயத்தில் தாராளம். பள்ளிப் பையன்கூடக் கட்டக்கூடிய சுற்று என்பதால் உலகம் முழுக்கப் பரவியது.

அந்தப் பள்ளிப் பையன் வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவன் நான், அறுபது தாண்டிய பிறகு. பழைய சிடி பிளேயர் ஒன்றிலிருந்து டிடிஏ1543 கழற்றினேன். சிஎஸ்8414 என்ற, எண்களை வாங்கிக் கொடுக்கும் ஐசி இருந்த கிட் போர்டு ஒன்றை வாங்கினேன். அதில் ஆப்-ஆம்புக்கு சாக்கெட் இருந்தது. கிட்டோடு வந்தது 4558. வேகம் குறைவான, சாதாரண ஐசி. வயலின் கச்சேரி ஒன்றைப் போட்டேன். பாடியது. கண் கலங்கியது என்றால் சிரிக்காதீர்கள். 16 குழாய்கள் என் மேசையில் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பிறகு பேராசை பிடித்தது. 4558-ஐப் பிடுங்கி 5532 செருகினேன். அதோடு மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் 1.5 கிலோ ஓம் கார்பன் மின்தடைகளைக் கழற்றி, மெட்டல் ஃபிலிம் மின்தடைகள் போட்டேன். ஆஹா! வயலின் முன்னால் வந்து நிற்கிறது, மிருதங்கம் தெளிவாக இருக்கிறது, மேடை அகலமாகிவிட்டது. என் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "என்னங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கொஞ்சம் சத்தமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். காது போதாது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

இரண்டு நாள் கழித்து மனம் உறுத்தியது. கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன் அளந்து பார்க்காமல் எப்படி நம்புவது? 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றைப் போட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். மாற்றுவதற்கு முன் 1.22 வோல்ட் என்று நோட்டில் எழுதியிருந்தேன். இப்போது 1.46. ஏன் கூடியது? மின்தடையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நீல நிற உடம்பில் பழுப்பு, பச்சை, கறுப்பு, பழுப்பு என்று நான் படித்தது உண்மையில் பழுப்பு, சாம்பல், கறுப்பு, பழுப்பு. 1.5 அல்ல, 1.8 கிலோ ஓம். மாலை வெளிச்சத்தில் சாம்பல் எனக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. ஒலி 1.6 டெசிபெல் கூடியிருக்கிறது. ஒரே பாட்டைச் சற்றே சத்தமாகப் போட்டால் மனம் அதைச் "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். வீட்டம்மா சொன்னது அப்படியே சரி.

எனவே முறையாகச் சோதித்தேன். இரண்டு போர்டு, இரண்டிலும் அதே 1.5 கிலோ ஓம். ஒன்றில் 4558, மற்றதில் 5532. நடுவில் ஒரு சுவிட்ச். நான் சுவருக்கு முகம் திருப்பி உட்கார்ந்தேன். வீட்டம்மா காசு சுண்டிப் பார்த்து சுவிட்சைப் போட்டார். பழைய வருகைப் பதிவேட்டின் காலிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். 20 முறை. நான் சரியாகச் சொன்னது 11. கேட்காமலே சொல்லியிருந்தாலும் 10 சரியாக வந்திருக்கும்.

5532 வேகமானது என்பது பொய்யல்ல. தரவுத்தாளில் இருக்கிறது, கருவியிலும் தெரியும். ஆனால் என் வீட்டுக் கூடத்தில், என் காதுக்கு அது எட்டவில்லை. கைப்பேசியில் ஒலிகளைப் போட்டுப் பார்த்ததில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பேத்தி பக்கத்து அறையிலிருந்து "தாத்தா, அந்தக் கீச்சை நிறுத்துங்க" என்கிறாள். 20,000 ஹெர்ட்ஸில் குறையும் 3 டெசிபெலைப் பற்றி நான் ராத்திரி கண்விழித்துப் படித்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இதையெல்லாம் நம் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போனில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். ஒரு பாட்டு முழுதாகக் கேட்கவில்லை, அதற்குள், "சார், ஐசிய விடுங்க. இடது பக்கம் தொப்பி கேக்கவே இல்லையே. கண்டென்சர் செத்துப்போச்சு" என்றார்.

மிருதங்கத்தின் தொப்பி, அந்தத் தாழ்ந்த நாதம், இடது ஸ்பீக்கரில் இல்லை. நான் கவனிக்கவில்லை. வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபயருக்குள் போகாமல் தடுக்க ஒரு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கும். சிக்கனமாக இருக்கட்டும் என்று பழைய பிளேயரிலிருந்து கழற்றிப் போட்டிருந்தேன். அளந்தால் ஒன்று 0.2 மைக்ரோஃபாரட்தான் காட்டியது. உள்ளே உள்ள திரவம் காய்ந்துவிட்டது. என் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை 10 கிலோ ஓம். கணக்குப்படி, சரியான மின்தேக்கி 2 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தடுக்கும். காய்ந்தது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதையெல்லாம் தேய்த்துவிடும். தொப்பியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சில ரூபாய்க்குப் புது மின்தேக்கி போட்டோம். அதையும் பழையதையும் மாற்றி மாற்றி அதே சுவிட்ச் சோதனை. 20-க்கு 20. வீட்டம்மாவும் 20-க்கு 20.

இந்த வரலாறு முழுவதும் படித்து, இத்தனை சுட்டுக்கொண்டு நான் கற்றது இதுதான். சோனிக்காரர்களும் பிலிப்ஸ்காரர்களும் வால்ட் ஜங்கும் குசுனோகியும் திரும்பத் திரும்ப வந்து நின்றது ஒரே இடத்தில். எண் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடைசிப் படி நம் உலகத்துப் பொருளால் ஆனது. காயும், சூடாகும், பிசகும். அதனால் அங்கே திருத்துவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். ஆனால் எது திருத்தம், எது நம் ஆசை என்பதை அளந்தும், கண்ணை மூடிக் கேட்டும்தான் பிரிக்க முடியும். இன்று பிசிஎம்5102 போன்ற ஐசிகளில் இந்தக் கடைசிப் படியும் உள்ளேயே வந்துவிட்டது. ஐசியின் காலிலிருந்தே 2 வோல்ட் வருகிறது. வெளியே மாற்ற அதிகம் இல்லை. ஒரு காலம் முடிகிறது என்றுதான் தோன்றுகிறது.

அன்று புது மின்தேக்கி போட்ட பிறகு, இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தொட்டியையும் 16 குழாய்களையும் வரைந்து சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "அப்ப எண்ணு பாடல சார். எண்ணு கொழாயத் தொறந்து விடுது. பாடுறது கரண்ட்டுதான்."

"அவ்வளவுதான் தம்பி" என்றேன்.

ஐந்து நிமிடம். 1997-லேயே "எனக்குத் தெரியாதுடா, கண்டுபிடித்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நூலகத்தில் தேடியிருக்கலாம். ஒரு வாரம் கழித்தாவது வரைந்திருக்கலாம். மேல் வகுப்பில் வரும் என்று சொன்னேன். மேல் வகுப்பு அவருக்கு வரவில்லை. அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அதனாலதான நானா ரேடியோவத் தொறந்து பாக்க ஆரம்பிச்சேன்" என்றார். பெருந்தன்மையாகச் சொன்ன வார்த்தை. அதை வைத்து என்னை நான் மன்னித்துக்கொள்ள முடியாது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது. நான் சொல்லிப் பார்க்காமலே குறையும் என்று நம்பிவிட்டேன்.

மற்றவர்களுக்கு: நான் "மேல் வகுப்பில் வரும்" என்று உட்காரவைத்த கேள்வி யாருக்காவது பாக்கி இருந்தால் கீழே எழுதுங்கள். நேரம் இருக்கிறது, தேடிச் சொல்கிறேன். இந்தப் பதிவில் தகவல் பிழை இருந்தாலும் தயங்காமல் திருத்துங்கள். இப்போது நான் கடைசி பெஞ்ச்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்